புலியும் மரநத்தையும்: எது போனால் இழப்பு பெரிது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டது "புலி முக்கியமா, மரத்தில் வாழும் ஒரு அரிய நத்தை முக்கியமா" என்பதுதான். ஆனால் உள்ளே இருப்பது வேறு கேள்வி. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை கூறைநாட்டுப் பக்கம் சிறுத்தை நடமாடியபோது கூண்டு, கேமரா, பள்ளிக்கு விடுமுறை என்று ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. ஹவாயில் ஒரு மரநத்தை செத்ததோடு ஒரு இனமே முடிந்துபோனதைப் பற்றி எங்கோ ஒரு மூலையில் படித்ததாகவும், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது நியாயமா, அல்லது நத்தை போனால் உண்மையிலேயே ஒன்றும் ஆகாதா என்று கேட்கிறீர்கள். கூடவே கடைசி வரியில், "எங்கள் வீட்டுப் பூவரசில் கொத்துக் கொத்தாக நத்தை ஒட்டியிருக்கிறது, உப்புப் போட்டுக் கொல்லலாமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் பிடித்தது. அதற்கும் வருகிறேன்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். விலங்கியல் படித்து முப்பது வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவன். அந்த முப்பது வருடமும் லீவு கிடைத்தபோதெல்லாம் நத்தை தேடிப் போனவன். புலி என் துறை இல்லை. புலியைப் பற்றி நான் சொல்வது படித்ததும், காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்களிடம் கேட்டதும். நத்தையைப் பற்றிச் சொல்வதில் பாதி என் கண்ணால் பார்த்தது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். மயிலாடுதுறைக்கு வந்தது சிறுத்தை, புலி இல்லை. நம் பக்கம் சிறுத்தைப்புலி என்று சேர்த்தே சொல்லிவிடுவதால் இரண்டும் ஒன்று என்கிற எண்ணம் வந்துவிடுகிறது. சிறுத்தை நாயையும் ஆட்டையும் பன்றியையும் பிடித்துத் தின்று, புதரும் வாய்க்கால் கரையும் இருந்தால் மனிதர்களுக்கு நடுவிலேயே காலம் தள்ளிவிடும். புலியால் அது முடியாது. மானும் காட்டெருமையும் நிறைந்த நல்ல காட்டிலேயே ஒரு பெண்புலிக்கு இருபது சதுர கிலோமீட்டர் அளவுக்கு இடம் வேண்டும். இரை குறைந்த காட்டில் அது பல மடங்காகும். அதனால் "புலி இருக்கிறது" என்று சொன்னால் "அதைச் சுற்றி அவ்வளவு காடு இருக்கிறது" என்றும் சொன்னதாக அர்த்தம். புலிக்குச் செய்யும் செலவின் அடிப்படைக் கணக்கே இதுதான். 1973 ஏப்ரல் 1-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது ஒன்பது காப்பகங்கள்தான். இன்று தமிழ்நாட்டில் மட்டும் களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்று ஐந்து இருக்கின்றன.

டெல்டாக்காரர்களாகிய நமக்கு இதில் நேரடி சம்பந்தம் இருக்கிறது. மேட்டூருக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு கபினி கொண்டுவருவது. கபினி வயநாட்டில் பிறந்து, நாகரஹொளே, பந்திப்பூர் என்கிற இரண்டு புலிக்காடுகளுக்கு நடுவே ஓடி வருகிறது. மோயாறு முதுமலை வழியாக இறங்கி பவானிசாகருக்குப் போகிறது, பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று நாம் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோமே, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு புலி நடக்கும் மண்ணில் விழுந்த மழை. இது உறுதி. "ஒரு புலி இருந்தால் இத்தனை ஆறு ஓடும்" என்று சிலர் மேடையில் கணக்குச் சொல்வது உறுதி இல்லை. காட்டுக்கும் ஆற்று நீருக்கும் உள்ள உறவு மண், பாறை, மழை பெய்யும் விதம் எல்லாவற்றையும் பொறுத்தது. புலி காட்டைக் காப்பாற்ற ஒரு வலுவான காரணம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்புறம் நத்தை. நம் பக்கம் நத்தை என்றாலே வயல் நத்தைதான் நினைவுக்கு வரும், கறியாக்கிச் சாப்பிடுவது. அதற்கு வாயில் வட்டமாக ஒரு மூடி உண்டு, செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு, தண்ணீருக்குச் சொந்தமானது. நீங்கள் கேட்கும் மரநத்தை வேறு குடும்பம். மூடி கிடையாது. வெயில் ஏறினால் பட்டையிலோ இலையின் அடியிலோ ஒட்டிக்கொண்டு, தன் கோழையாலேயே வாயில் ஒரு மெல்லிய ஏடு கட்டி மூடிக்கொள்ளும். ஒருமுறை வேதாரண்யம் பக்கம் சித்திரை வெயிலில், பாலை மரத்துப் பட்டையில் ஒட்டியிருந்த ஒன்றை நகத்தால் மெதுவாக எடுத்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, கூம்பு வடிவம், வெள்ளையில் கறுப்புப் புள்ளி. பிடுங்கும்போது காய்ந்த அரிசிக் கஞ்சி உரிவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. உள்ளங்கையில் வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பத்து நிமிடத்தில் ஏடு இளகி, இரண்டு கொம்பும் நீண்டு, நுனியில் இருக்கும் கண் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மாதக்கணக்காக மூடிக் கிடந்த உயிர். மறுபடியும் அதே இடத்தில் ஒட்ட வைக்கத் தெரியாமல் நிழலில் ஒரு கிளை இடுக்கில் விட்டுவிட்டு வந்தேன். இன்று என்றால் எடுத்தே இருக்க மாட்டேன். அந்த ஏட்டைக் கட்ட அது செலவழித்த ஈரத்தை நான் வீணாக்கினேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த நத்தை அரியது இல்லை, சமவெளியில் பரவலாக உள்ள வகை. அரியவை மலையில்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் நில நத்தைகள் சுமார் 270 இனங்கள் கணக்கில் வந்திருக்கின்றன. அவற்றில் நான்கில் மூன்று பங்கு உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. வயநாட்டில் ஆடி மழையில் நான் பார்த்த இண்ட்ரெல்லா என்கிற நத்தை அப்படிப்பட்டது. ஓடு மெல்லியது, உடம்பு குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல ஒரே சிவப்பு. அதே காட்டில் மஞ்சள் உடம்போடும் இருக்கும். ஈர இலைமேல் அது போவதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றேன். காலை நனைத்துக்கொண்டிருந்த அந்த மழைநீர் கபினி வழியாக எங்கள் ஊர் அரசலாற்றுக்கு வரக்கூடியது என்பது பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது. புலிக்காடு காப்பாற்றப்பட்டதால் அந்த நத்தையும் பிழைத்திருக்கிறது. அந்த இடத்தில் புலி பிடித்த குடை நத்தைக்கும் நிழல் தருகிறது, இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் எல்லா நத்தையும் அந்தக் குடைக்குள் இல்லை. உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வரும் முக்கியமான விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புலி அழிவதும் நத்தை அழிவதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ராஜஸ்தானில் சரிஸ்கா என்கிற காப்பகத்தில் 2005 வாக்கில் ஒரு புலிகூட இல்லை என்று தெரிந்தது. வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். நாடே அதிர்ந்தது. 2008-ல் ரந்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலியைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அங்கே குட்டிகளோடு புலிகள் இருக்கின்றன. ஏன் முடிந்தது? வேறு இடத்தில் புலி இருந்தது, அதனால். ஒரு நத்தை இனத்துக்கு அந்த 'வேறு இடம்' பல சமயம் இருக்காது. ஒரே மலைமுகடு, ஒரே பள்ளத்தாக்கு, சில சமயம் ஒரு சில மரங்கள், அவ்வளவுதான் அதன் மொத்த உலகம். அந்த இடத்தில் போனால் பூமியிலேயே போனதாக அர்த்தம். கொண்டுவர ஹெலிகாப்டர் இருக்கும், நத்தை இருக்காது.

நீங்கள் சொன்ன ஹவாய் நத்தையின் கதை இதற்கு நேரான சாட்சி. ஓவாஹு தீவில் வாழ்ந்த அக்காட்டினெல்லா வகை. ஹவாயின் நில நத்தைகளில் மேலைநாட்டு அறிவியலுக்கு முதலில் தெரியவந்ததே அந்த இனம்தான். 1787-ல் ஒரு கப்பல் தலைவனுக்குப் பரிசாகக் கொடுத்த மாலையில் அதன் ஓடு கோத்திருந்தது. மாலை கட்டும் அளவுக்கு அன்று மலிந்து கிடந்த நத்தை. 1997-ல் தெரிந்த கடைசிப் பத்தை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வைத்தார்கள். குஞ்சு பொரித்தன, ஆனால் ஒவ்வொன்றாகச் செத்தன. மிஞ்சிய ஒன்றுக்குத்தான் ஜார்ஜ் என்று பெயர். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில்தான், இருந்தாலும் துணை வேண்டும், துணை கிடைக்கவில்லை. 2019 ஜனவரி 1 அன்று சுமார் 14 வயதில் இறந்தது. இந்த வகை நத்தைகள் வயதுக்கு வரவே நாலைந்து வருடம் ஆகும், ஒரு தடவைக்கு ஒரே ஒரு குஞ்சுதான் ஈனும், முட்டை இடுவதில்லை. வயதுக்கு வரும் காலத்தில் பெண்புலிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் மாணவர்கள் எப்போதும் நம்ப மறுக்கும் விஷயம். பூச்சி புழு மாதிரி ஆயிரக்கணக்கில் பெருகும், எத்தனை கொன்றாலும் வந்துவிடும் என்கிற எண்ணம் இங்கே செல்லாது.

இவை எதனால் அழிந்தன என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பெருநத்தை பயிரை மேய்கிறது என்று, அதைத் தின்னட்டும் என அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு வேட்டை நத்தையைக் கொண்டுவந்து ஹவாயில் 1955-லும், பசிபிக் கடலில் உள்ள தாஹிட்டி தீவில் 1974-லும், பக்கத்து மூரியா தீவில் 1977-லும் விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு உள்ளூர் மரநத்தைகளின் கோழைத் தடத்தை மோப்பம் பிடித்து ஏறிப் போய்த் தின்றது. மூரியாவில் இருந்த பார்ட்டுலா என்கிற மரநத்தைகள் ஏழு இனம். பத்தே வருடத்தில், 1987-க்குள், காட்டில் ஒன்றைக்கூடக் காண முடியவில்லை. அழிவதற்கு முன் சில ஆய்வாளர்கள் கொஞ்சத்தை எடுத்துவந்து உயிரியல் பூங்காக்களில் வளர்த்தார்கள். ஒரு அறை, அதில் பிளாஸ்டிக் டப்பாக்கள், ஈரமான காகிதம், கீரை அரைத்த மாவு என்கிற அளவில் நடந்த வேலை. அதிலும் எல்லாம் தேறவில்லை. அதே தீவுக்கூட்டத்தில் ரயாட்டேயா தீவைச் சேர்ந்த டர்ஜிடா என்கிற பார்ட்டுலா இனத்தின் கடைசி நத்தை 1996 ஜனவரியில் லண்டன் விலங்குக்காட்சியகத்தில் செத்தது. தேறியவற்றை 2015 முதல் ஓட்டில் சிவப்புப் புள்ளி வைத்து மறுபடி காட்டில் விட்டு வருகிறார்கள். 2024-ல் மூரியாவில் புள்ளி இல்லாத, வளர்ந்த நத்தைகளைக் கண்டார்கள். புள்ளி இல்லை என்றால் காட்டிலேயே பிறந்தது என்று அர்த்தம். இந்தச் செய்தியைப் படித்த அன்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், அவ்வளவு சந்தோஷம்.

"நத்தை போனால் என்ன ஆகும்" என்பதற்கு வருகிறேன். இதில் மிகைப்படுத்தாமல் பேச வேண்டும். ஒரு குறிப்பிட்ட மரநத்தை இனம் அழிந்தால் காடே சரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி நிரூபணம் ஆகவில்லை. பல மரநத்தைகள் இலையைக்கூடத் தின்பதில்லை. இலைமேல் படியும் பூஞ்சையையும் பாசியையும் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் உள்ள நாக்கால் துடைத்தெடுத்துச் சாப்பிடுகின்றன. அது மரத்துக்கு நன்மை என்று தோன்றுகிறது, எவ்வளவு நன்மை என்பது இடத்துக்கு இடம் மாறும். உறுதியாகத் தெரிந்த ஒன்று சுண்ணாம்புச் சத்து. 1980-களிலும் 90-களிலும் நெதர்லாந்தில் அமில மழையால் மண்ணில் சுண்ணாம்பு குறைந்து, நத்தைகள் குறைந்தன. அந்தக் காட்டுச் சிட்டுகள் ஓடு மெலிந்த, உடைகிற முட்டைகளை இட்டன. காரணம் தேடியபோது, முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை அவை நத்தை ஓட்டைத் தின்றுதான் பெற்றுவந்தன என்று தெரிந்தது. நத்தை ஓட்டைத் தட்டில் போட்டு வைத்த பிறகு சிட்டுகளின் முட்டை சரியானது. ஒரு பறவைக் கூட்டில் முட்டை உடைவதற்கும் மண்ணில் நத்தை இல்லாததற்கும் உள்ள தொடர்பை, நத்தை இருந்த காலத்தில் யாரும் யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உறுதி. 1500-ம் ஆண்டுக்குப் பிறகு உலகில் பதிவான விலங்கின அழிவுகளில் சுமார் 40 சதவீதம் நத்தையும் சிப்பியும் அடங்கிய மெல்லுடலிகள். அதில் பெரும்பகுதி நிலத்திலும் நன்னீரிலும் வாழ்ந்தவை. இது பதிவானது மட்டும். நத்தையைப் பெயரிட ஆள் வேண்டும், பிறகு பத்து வருடம் கழித்து அதே இடத்துக்குப் போய்த் தேட ஆள் வேண்டும். புலிக்குக் காடு முழுக்க கேமரா கட்டி, வரிகளை வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, 2022 கணக்குப்படி இந்தியாவில் 3,167 முதல் 3,925 வரை என்று சொல்கிறார்கள். அதுவும் மதிப்பீடுதான், ஆனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுத்த மதிப்பீடு. 2006-ல் அது 1,411 என்று வந்தபோது நாடு பதறியதால்தான் இன்று இந்த எண். கணக்கு எடுத்தால்தான் பதற முடியும்.

கவனம் எங்கே போகிறது என்பதற்கு நம் ஊரையே பாருங்கள். சோழன் கொடியில் புலி. சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். திருவையாற்றுக்குப் பக்கத்தில் பெரும்புலியூர், காட்டுமன்னார்கோயில் பக்கம் ஓமாம்புலியூர். வண்டு மொய்க்கும் முன் மரமேறிப் பூப்பறிக்க வேண்டும் என்று புலிக்கால் கேட்டு வாங்கிய முனிவரின் கதையோடு சேர்ந்த ஊர்கள் இவை. (இந்தப் பெயர்களை வைத்து டெல்டாவில் முன்பு புலி திரிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். பெயர் புராணத்திலிருந்து வந்தது, அதைச் சான்றாக எடுக்க முடியாது.) நத்தைக்கு நாம் கொடுத்தது நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்கிற பழமொழி. அதில்கூட மதிப்பு முத்துக்குத்தான்.

சரி, நேரடியாகக் கேட்டால் என் தீர்ப்பு என்ன? ஒரு தனிப்புலியா, ஒரு நத்தை இனத்தின் கடைசிக் கூட்டமா என்று வந்தால் நான் தயங்காமல் நத்தையைக் காப்பாற்றுவேன். புலி இனம் முழுவதுமா, ஒரு நத்தை இனமா என்றால் புலி என்பேன். அதோடு போகும் காடு அவ்வளவு. ஆனால் நிஜத்தில் இந்த இரண்டாவது நிலை வருவதே இல்லை. புலிக்கு ஆகும் பணத்தில் தூசு அளவுதான் நத்தைக்கு வேண்டும். ஒரு சோலையை வெட்டாமல் விடுவது, கோயில் நந்தவனத்துச் சருகைக் கூட்டி எரிக்காமல் இருப்பது, ஒருவர் வருடா வருடம் போய் எண்ணுவது. புலிக்காப்பகத்துக்கு வெளியே, கொல்லிமலை மாதிரித் தனித்து நிற்கும் மலைகளிலும், கோடியக்கரை மாதிரிக் கடலோரக் காட்டிலும் இருக்கும் நத்தைகளுக்குத்தான் எந்தக் குடையும் இல்லை. 2018 கஜா புயலில் கோடியக்கரை மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்க்கப் போனவர்கள் மானையும் குதிரையையும் பற்றி விசாரித்தார்கள். நான் விழுந்த மரங்களின் பட்டையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். மரம் விழுந்தால் அதில் ஒட்டியிருந்தது எல்லாம் வெயிலில் கிடக்கும்.

இனி உங்கள் பூவரசு. உப்பு போடாதீர்கள், நத்தைக்கும் வேருக்கும் கெடுதல். முதலில் எது ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். கைவிரல் நீளத்துக்கு, பழுப்பில் கோடு போட்ட பெரிய ஓடாக இருந்தால் அது ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1847-ல் மொரீஷியஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டது, இன்று வாழைக்கொல்லை, பப்பாளி, முருங்கை எல்லாவற்றிலும் ஏறுகிறது. ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை இடும். அதைக் கையுறை போட்டு ராத்திரியில் பொறுக்கி வாளியில் சேர்த்து அழிப்பதுதான் நல்ல வழி. வெறும் கையால் தொடாதீர்கள், மூளையைப் பாதிக்கும் புழு அதில் இருக்கலாம். கடையில் விற்கும் நத்தை மருந்து நல்ல நத்தையையும் சேர்த்தே கொல்லும், அதனால் தேவைப்பட்டால் ஒழிய வேண்டாம். நகத்தளவுக் கூம்பாக, வெளிறிய ஓட்டில் புள்ளியோ கோடோ இருந்தால் அது நம் ஊர் நத்தை. இலையை ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சோடு அந்த மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். பகலில் பட்டையோடு பட்டையாகக் கிடந்தவை எல்லாம் கொம்பு நீட்டிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும். எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள், அடுத்த ஐப்பசியிலும் எண்ணுங்கள்.